ஓதத்தின் உயரம்

அக்டோபர் 9

தத்து மையத்திலிருந்து கூப்பிட்டார்கள். ஜெபசீலி என்று ஒரு மேடம். தை மாதத்தில் வீட்டைப் பார்க்க வருவாராம். பிள்ளை எங்கே தூங்கும், எங்கே படிக்கும், காற்றும் வெளிச்சமும் எப்படி என்று பார்த்து அவர் எழுதித் தந்தால்தான் எங்கள் பெயர் அடுத்த படிக்குப் போகும். "பயப்படாதீங்க சார், வீடு அரண்மனையா இருக்கணும்னு இல்ல. பிள்ளைக்குச் சீக்கு வராம இருந்தாப் போதும்" என்றார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். எனக்கு உடனே அந்தச் சுவர் ஞாபகம் வந்துவிட்டது.

இடை அறைச் சுவர். அப்பா வாங்கும்போதே இது கிழட்டு வீடு, செங்கல்லும் சுண்ணாம்பும். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் இதுபோல இன்னும் நாலைந்து நிற்கின்றன. சில வருஷங்களாக மழைக்காலத்துக்கு முன்பே அந்தச் சுவரில் ஓதம் ஏறிவிடுகிறது. பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, தொட்டால் உப்பு உதிர்கிறது. அறை முழுக்க நமுத்த வாடை. அங்கே ஒரு பிள்ளையைப் படுக்கவைத்தால் இழுப்பு வராமல் வேறென்ன வரும்?

மின்வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்க்கிறவன் நான். ஊரில் பாதிச் சுவர்களைப் பார்த்தாயிற்று. சொந்த வீட்டுச் சுவருக்கு என்ன கேடு என்று கண்டுபிடிக்க முடியாதா? இன்றிலிருந்து கவனித்து எழுதிவைப்பது என்று முடிவு செய்தேன்.

செண்பகம் தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையிலிருந்து தலை நிமிராமலே சொன்னாள்: "அந்த ரூம் எதுக்குங்க? மாடி ரூமக் காட்டுவோம்."

"மாடி வெயில்ல வேகும்."

"ஓதத்துக்கு வெயில் எவ்வளவோ மேல்."

பிள்ளை இருக்கவேண்டிய அறை அதுதான்.

அக்டோபர் 11

குழாய்க்காரர் வந்தார். இந்தச் சுவர்ப் பக்கம் குழாயே கிடையாது என்று சொல்லி, காப்பி குடித்துவிட்டுப் போனார்.

அக்டோபர் 15

சுவரை இன்று நிதானமாகப் பார்த்தேன். மேல்பகுதி காய்ந்து கிடக்கிறது. ஆகவே கூரை ஒழுக்கு இல்லை. ஈரம் கீழிருந்து ஏறுகிறது. ஆனால் ஒரே மட்டமாக ஏறவில்லை. மற்ற இடமெல்லாம் முழங்கால் அளவு. கதவு நிலைக்கு வலப்பக்கம் மட்டும் குன்று மாதிரி எழும்பி என் மார்புவரை வந்திருக்கிறது. போன வருஷம் வயிற்றுக்குக் கொஞ்சம் மேலே இருந்ததாக ஞாபகம். அதற்கு முந்தின வருஷம் இன்னும் கீழே. வருஷத்துக்கு வருஷம் ஏறுகிறது.

அந்த உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை. எண்ணெய் வைத்த தலையோடு சுவரில் சாய்ந்தால் ஒரு பசை பிடிக்குமே, அது. மத்தியானம் நான் இல்லாதபோது செண்பகம் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து சாய்கிறாள் போலிருக்கிறது. உட்காரட்டும். அவளுக்கும் ஓர் இடம் வேண்டாமா? நான் கேட்கப்போவதில்லை.

அக்டோபர் 18

ஒரு பாலிதீன் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டிவைத்திருந்தேன். அறைக் காற்றின் ஈரம் என்றால் தாளின் வெளிப்பக்கம் வியர்க்கும். சுவரின் ஈரம் என்றால் உள்பக்கம். இன்று பார்த்தால் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். சுவரே விடுகிற ஈரம். சந்தேகம் தீர்ந்தது.

நடுவில் ஓர் இடத்தில் மட்டும் தாளின் உள்பக்கம் துடைத்தது போல இருந்தது. டேப் எங்கும் விடவில்லை. தாள் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்திருக்கும்.

அக்டோபர் 20

பின்கட்டில் துவைக்கிற கல்லுக்கு அடியில் தண்ணீர் தேங்கி, அந்தச் சுவரின் அடிக்குத்தான் போகிறது. ஒருநாள் முழுக்க நானே மண்வெட்டி பிடித்து வாய்க்காலைத் திருப்பிவிட்டேன். இடுப்பு விட்டுப்போயிற்று. செண்பகம் தைலம் தேய்த்துக்கொண்டே, "மீட்டர் பாக்கற கைக்கு இது ஆகுமா?" என்று சிரித்தாள். அவள் சிரித்து ரொம்ப நாளாயிற்று.

அக்டோபர் 26

வாய்க்காலைத் திருப்பியும் பெரிதாக ஒன்றும் குறையவில்லை.

மைத்துனன் சைலப்பன் அம்பாசமுத்திரத்திலிருந்து வந்திருந்தான். இந்தச் சுவரைக் கடைசியாகப் பூசியது அவன்தான். நாலு வருஷத்துக்கு முன்பு, பதினாறாம் நாள் கழிந்து நாங்கள் அம்பையில் மாமனார் வீட்டில் கிடந்தபோது, வழக்கப்படி வீட்டுக்கு வெள்ளையடிக்கிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டு வந்தான். திரும்பிவந்து பார்த்தால் இந்த அறைச் சுவர் மட்டும் வழுவழுவென்று சிமெண்ட் பூச்சும் பெயிண்ட்டுமாக நின்றது.

"நல்ல வாட்டர்ப்ரூஃப் கலந்துதான் பூசச் சொன்னேன் அத்தான். அந்த நிலை ஓரத்துல இன்னும் கனமாப் போடச் சொன்னேன். அதுலயா ஓதம் ஏறுது?"

"அங்கதான் ஏறுது."

"பேசாம நெஞ்சு உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டிருவோம். ஒண்ணும் தெரியாது."

"டைல்ஸ் வேண்டாம்" என்று அடுக்களையிலிருந்து செண்பகம் சத்தம் கொடுத்தாள்.

அவன் குரலைத் தாழ்த்தினான். "அத்தான், குழலி ரூம் இது. இதுல போயி இன்னொரு பிள்ளைய…"

அந்தப் பெயர் இந்த வீட்டில் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! அடுக்களை வாசலுக்கு வந்திருந்த செண்பகம், பால் பொங்குது என்று சொல்லிக்கொண்டு நகர்ந்தாள். அடுப்பில் பால் இல்லை.

அக்டோபர் 31

தீபாவளி. தெருவெல்லாம் வெடி. நாங்கள் கதவைச் சாத்தி வைத்திருந்தோம்.

நவம்பர் 3

பிடிபட்டுவிட்டது. நேற்று மகாராஜநகரில் மீட்டர் பார்த்த ஒரு வீட்டில் பொறியாளர் ஒருவரிடம் கேட்டேன்; நானும் இரண்டு நாளாக அதே திசையில்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். சுண்ணாம்புச் சுவர் மண்ணிலிருந்து ஈரத்தைக் குடிக்கத்தான் செய்யும். குடித்ததைக் காற்றில் விட்டுவிடும். அதன்மேல் சிமெண்ட்டையும் பெயிண்ட்டையும் அப்பினால் விடுவதற்கு வழியில்லை. வெளியே வர முடியாத ஈரம் மேலே மேலே ஏறும். பூச்சு எங்கே கனமோ அங்கே அதிகம் ஏறும். நிலை ஓரத்தில் சைலப்பன் கனமாகப் போட்டிருக்கிறான். குன்றுக்குக் காரணம் அவ்வளவுதான். வேறு எதுவும் இல்லை.

அவனைக் குறை சொல்ல மாட்டேன். அக்கா பார்த்தால் அழுவாள் என்று எதையோ மூடினான்.

நவம்பர் 5

பொன்னுத்துரைக் கொத்தனார் வந்தார். சிமெண்ட்டை எடுக்கவேண்டும் என்றதும் அவருக்குப் பிடிக்கவில்லை.

"நல்ல பூச்சு சார். இதப் பேத்தா சொவரு நிக்குமான்னு பாத்துக்கோங்க."

"நிக்கும். எடுங்க."

முணுமுணுத்துக்கொண்டே உளியை வைத்தார். உள்ளே செங்கல் தெரியும் என்று பார்த்தால் பழைய சுண்ணாம்புப் பூச்சு அப்படியே இருந்தது. பிடிப்புக்காக எல்லா இடத்திலும் கொத்திவிட்டிருந்தார்கள். நிலை ஓரத்தில் மட்டும் கொத்தவில்லை. சைலப்பன் ஆள் மனசு வராமல் விட்டிருக்கிறான். அங்கே குறுக்குக் குறுக்காக ஆணிக் கீறல்கள். ஒவ்வொன்றின் முனையிலும் மங்கிப்போன குங்குமம். பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் தலைக்கு மேலே அடிக்கோலை வைத்து நான் கீறுவேன், செண்பகம் பொட்டு வைப்பாள். கடைசிக் கீறல் என் இடுப்புக்கு.

கொத்தனார் உளியைக் கீழே வைத்தார். "பிள்ளைக்கு அளந்ததா சார்?"

"ஆமா."

"இப்ப எங்க? வெளியூர்ல படிக்காளா?"

"ஆமா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அப்ப இத மூட வேண்டாம். லீவுக்கு வந்தா எவ்வளவு வளந்திருக்கான்னு பாக்கலாம்லா. சுத்திப் பூசிட்டு இந்தப் பட்டைய இப்படியே விட்டுருதேன்."

சரி என்றேன். செண்பகம் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளும் மறுத்துச் சொல்லவில்லை.

நவம்பர் 8

தேங்காய்நார் பிரஷ்ஷால் சுவர் முழுக்க உப்பைத் தேய்த்து எடுத்தேன். அந்தப் பட்டையை மட்டும் துணியால் துடைத்தேன். இப்போது சுத்தமாக இருக்கிறது, ஒரு கறை கிடையாது.

நவம்பர் 16

விடாத மழை. துவைத்த துணி வீடு முழுக்கக் கொடிகட்டித் தொங்குகிறது. தலையைக் குனிந்தே நடமாடுகிறோம். இத்தனை மழையிலும் சுவர் காய்கிறது! ஈரம் மார்பிலிருந்து இடுப்புக்கு இறங்கிவிட்டது. எனக்கு விசில் அடிக்கவேண்டும் போல இருந்தது. நல்லவேளை, அடிக்கத் தெரியாது.

நவம்பர் 22

பிறந்தநாளுக்குக் கீறல் போடுகிற நாள் இன்று. செண்பகம் பாயசம் வைத்தாள். நானும் குடித்தேன்.

பட்டையில் மறுபடியும் அந்த எண்ணெய்க் கறை. முன்பு இருந்த இடத்திலிருந்து இரண்டு விரல் மேலே. முக்காலியில் தலையணை போட்டு உட்கார்ந்திருப்பாள். இன்றைக்கு அவள் எங்கே உட்கார்ந்தால் என்ன?

டிசம்பர் 12

தலைக்கு வைக்கிற எண்ணெய் பதினைந்து நாளுக்குள் தீர்ந்துவிட்டது என்று செண்பகம் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். வேறொரு பாட்டில் வாங்கிவந்தேன்.

டிசம்பர் 29

ஈரம் முழுவதும் இறங்கிவிட்டது. பாலிதீன் தாளை மறுபடி ஒட்டிப் பார்த்தேன். உள்ளே ஒரு துளி இல்லை. நமுத்த வாடையும் போய்விட்டது. இப்போது அந்த அறையில் ஈர முடியை உலர்த்துகிறபோது வருமே, அந்த வாசம் மட்டும் லேசாக இருக்கிறது. செண்பகத்துக்கும் தெரிகிறதா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

ஜனவரி 8

பொன்னுத்துரை புதுச் சுண்ணாம்புச் சாந்து பூசி முடித்தார். பட்டையை மட்டும் சொன்னபடி விட்டுவிட்டார். போகும்போது, "பொங்கலுக்காவது பிள்ள வருதா சார்?" என்றார். வேலை இருக்கிறது என்று உள்ளே வந்துவிட்டேன்.

ஜெபசீலி மேடம் பார்த்தால் என்ன நினைப்பார் என்று இப்போது கவலை. சுவர் காய்ந்துவிட்டது. ஆனால் செத்துப்போன பிள்ளையின் அளவைச் சுவரில் வைத்துக்கொண்டு இன்னொரு பிள்ளை கேட்கிறார்கள் என்று எழுதிவிட்டால்? பட்டைக்கு முன்னால் ஒரு பீரோவை நகர்த்தி வைக்கலாம் என்று செண்பகத்திடம் சொன்னேன்.

"ஒருதரம் மூடினது போதும்" என்றாள்.

ஜனவரி 28

எல்லாவற்றையும் வரிசையாக எழுதவேண்டும்.

மேடம் பத்து மணிக்கு மேல் வந்தார். என் வயது இருக்கும். வீடு முழுக்கச் சுற்றினார். அடுக்களையில் கத்தி எங்கே வைப்பீர்கள் என்றுகூடக் கேட்டார். இடை அறைக்கு வந்து சுவரில் உள்ளங்கையை வைத்தார். "பழைய வீட்டுல இவ்வளவு காய்ஞ்ச சுவரை நான் பாத்ததில்ல சார்" என்றார். நான் பாலிதீன் தாள் கதையை ஆரம்பித்தேன். ஆனால் அவர் கண் கீறல்களுக்குப் போய்விட்டது.

"இது?"

செண்பகம்தான் சொன்னாள். நாலு வருஷமாகச் சொல்லாததை ஒரே மூச்சில் சொன்னாள். பெயர் குழல்வாய்மொழி. குத்தாலத்து அம்மன் பெயர். குழலி என்று கூப்பிடுவோம். ஆறு வயது முடிந்து அடுத்த ஐப்பசியில் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் பெரிய ஆஸ்பத்திரி. பிறகு இல்லை. "அவளுக்குப் பதிலா இன்னொரு பிள்ள வேணும்னு நாங்க கேக்கல மேடம். அவ இடம் அவளுக்கு. வர்ற பிள்ளைக்கு அதோட இடம். இந்த வீட்ல ரெண்டுக்கும் இருக்கு." எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மேடம் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இத மறைக்காம வச்சிருந்தீங்களே, அதுதான் எனக்குத் தெரியவேண்டியது" என்றார். அப்போதே எனக்கு உயிர் வந்தது. முடிந்தது, ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

கிளம்பத் திரும்பியவர் பட்டையில் கொஞ்சம் மேலே கையைக் காட்டி, சாதாரணமாகக் கேட்டார்: "இங்க எண்ணெய் பிடிச்சிருக்கே. யாரு இங்க உக்காந்து சாயறது?"

"இவ" என்றேன்.

"இவுக" என்றாள் செண்பகம்.

இரண்டும் ஒரே நேரத்தில் விழுந்தன. மேடம் வேடிக்கை என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம். ஆட்டோவரை போய் வழியனுப்பினோம்.

திரும்பி வந்து நடையில் நின்றாள். "நீங்க இல்லையா?"

"நான் அந்த ரூம்ல உக்காந்ததே இல்ல. நீதான் மத்தியானம்…"

"நான் எதுக்கு? சுவத்தப் பாத்தாலே எனக்கு ஆகாது. நீங்கதான் நான் கோயிலுக்குப் போற நேரத்துல போயி உக்காந்து அழுதியன்னு நெனச்சேன். கேட்டா சங்கடப்படுவிய, நமக்கு எதுக்குன்னு இருந்துட்டேன்."

நான் அறைக்குள் போய் முக்காலியைப் பார்த்தேன். மூலையில், பழைய துணி மூட்டைக்கு அடியில் இருந்தது. எடுத்தேன். கால்களுக்கு இடையில் சிலந்தி வலை கட்டியிருந்தது.

செண்பகம் கறைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். கையை அந்த உயரத்தில் காற்றில் வைத்துப் பார்த்தாள், ஒரு பிள்ளையின் தலையில் வைப்பதுபோல. "பதினோரு வயசுக்கு இவ்வளவு இருப்பா" என்றாள்.

எனக்குப் பயமாக இருந்தது. எழுதுவதில் என்ன வெட்கம்? பயமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் முகத்தில் பயம் இல்லை.

பிப்ரவரி 2

அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. காலையில் வேலைக்குப் போகும்போது செண்பகம் அந்த அறைக் கதவை இனிமேல் சாத்த வேண்டாம் என்றாள்.

ஜூலை 6

மித்ரா வந்துவிட்டாள். நாலரை வயது. மடியில் ஒரு பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வழியெல்லாம் எங்களைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். நான் அங்கிள், செண்பகம் ஆன்ட்டி. வந்ததும் எல்லா அறைக்கும் போய்ப் பார்த்தாள். இடை அறைச் சுவரடியில் உட்கார்ந்துகொண்டாள். அழவில்லை. இழுப்பும் இல்லை, இருமலும் இல்லை. காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

ஜூலை 19

கீறல்களை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். இது யாரு என்றாள். குழலி அக்கா என்றாள் செண்பகம். "எனக்கும் போடு" என்று முதுகைச் சுவரில் ஒட்டி நின்றுவிட்டாள். பட்டையின் இந்த ஓரத்தில் ஆணியால் கீறினேன். கோடு கோணலாகிவிட்டது. செண்பகம் குங்குமம் வைத்தாள்.

"அக்கா பெரிசா?"

"இப்ப பெரிசாத்தான் இருப்பா."

ஆகஸ்ட் 11

மீட்டர் பார்த்துவிட்டு வந்து செருப்பைக் கழற்றும்போது உள்ளேயிருந்து "அப்பா" என்று ஒரு குரல். திரும்பிப் பார்த்தேன். மித்ராதான்.

அக்டோபர் 20

தீபாவளி. இந்த வருஷம் கதவு திறந்திருந்தது. செண்பகம் நல்லெண்ணெயில் இரண்டு மிளகு போட்டுக் காய்ச்சி, மித்ராவை மணையில் உட்காரவைத்துத் தலையில் தேய்த்தாள். அது கண் எரிகிறது என்று வீட்டையே இரண்டாக்கியது. பிறகு எனக்கு. பிறகு அவள் வைத்துக்கொண்டாள். கிண்ணத்தில் இன்னும் ஒரு தலைக்கு எண்ணெய் இருந்தது. அதைக் கொண்டுபோய்ச் சுவரடியில் வைத்துவிட்டு வந்தாள்.

மத்தியானம் கிண்ணத்தைக் கழுவப் போட்டபோது காலியாக இருந்தது.

நவம்பர் 28

மூன்று நாளாக அடை மழை. சுவரில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. பாலிதீன் தாளைக் குப்பையில் போட்டேன்.

ஜனவரி 10

பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பொன்னுத்துரையையே கூப்பிட்டிருந்தோம். வந்தவர் மித்ராவைப் பார்த்து, "சின்னவளா சார்?" என்றார். ஆமாம் என்றேன். பட்டைக்கு முன்னால் நின்று கீழே அவளுடைய கீறலைப் பார்த்தார். மேலே கறையைப் பார்த்தார். அது இப்போது என் தோளுக்குப் பக்கத்தில் வந்திருக்கிறது.

"பெரியவ லீவுக்கு வந்திருந்தா போல. நல்லா வளத்தி குடுத்திருக்காளே!"

செண்பகம் அடுக்களை வாசலில் வந்து நின்றாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"ஆமா" என்றேன். இந்த முறை வாய் தானாகச் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன்.

சுண்ணாம்பில் மட்டையைத் தோய்த்துக்கொண்டு அவர் கேட்டார், "அப்ப இந்தப் பட்டைய எதுவரைக்கும் அடிக்காம விடணும் சார்?"

என் தோளைக் காட்டினேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, கையைத் தலைக்கு மேலே உயர்த்தி, அதுவரை விடச் சொன்னேன். வளருகிற வயது.